அத்தியாயம் 7: ‘எந்த மெஷின்?’ என்று கேட்க வைக்காதீர்கள்

ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் அவசரத்தில் ஹேண்டோவர் நோட்டில் ஒருவர் இப்படி எழுதிவிட்டுப் போகிறார்: ‘சென்சர் நாட் வொர்க்கிங். சேஞ்ச்ட் சென்சர். அகெய்ன் பிராப்ளம்.’ எழுதியவர் மனதில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்தவர்தான் முழிக்கிறார். லைனில் ஏழெட்டு சென்சர் இருக்கின்றன. எது வேலை செய்யவில்லை? மாற்றியது கெட்டுப்போன சென்சரையா, சந்தேகத்தின் பேரில் பக்கத்தில் இருந்ததையா? மறுபடி வந்தது பழைய பிரச்சினையா, புதியதா? கம்பெனி பஸ் ஏறிவிட்டவருக்கு போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் போன் காலைத் தவிர்ப்பதற்கு ஆங்கிலம் வைத்திருக்கும் ஏற்பாடுதான் எ, ஆன், தி என்ற மூன்று குட்டிச் சொற்கள். ‘ஆர்ட்டிகிள்’ என்று இவற்றுக்குப் பெயர். பள்ளிக்கூடத்தில் இவற்றை இருபது விதிகளாகப் படித்திருப்பீர்கள். சூரியனுக்கு முன் தி, சந்திரனுக்கு முன் தி, கங்கைக்கு முன் தி என்று. ஒரகடத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில் நின்றுகொண்டு சந்திரனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் வருவதில்லை. இந்த அத்தியாயம் விதிகளிலிருந்து அல்ல, ஒரே ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் சொல்லும் பொருளைக் கேட்டதும் எதிராளிக்கு ‘எது?’ என்ற கேள்வி எழுமா? எழாது என்றால் தி. எழும், ஆனால் எழுந்தாலும் பரவாயில்லை என்றால் எ அல்லது ஆன்.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறோம். ‘எ’ என்று அச்சிட்டிருப்பதை அழுத்தாமல், ஏறத்தாழ ‘அ’ என்றே சொல்லிப் பழகுங்கள். ‘தி’ என்பது மெய்யொலிக்கு முன்னால் ‘த’ போலவும், உயிரொலிக்கு முன்னால் ‘தி’ போலவும் ஒலிக்கும்.

பயம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. அதோடு கொரிய மேலாளர்கள் வந்தார்கள். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலை திறந்தபோது ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும், 2012-இல் டைம்லர் லாரி ஆலை திறந்தபோது ஜெர்மானியரும் சேர்ந்தார்கள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கானில் தைவான்காரர்கள். கான்ட்ராக்ட் வேலைக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள். இத்தனை பேரும் ஒருவரோடு ஒருவர் பேச ஆங்கிலத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொரிய மொழியில் தி கிடையாது. ஜப்பானிய மொழியிலும் சீனத்திலும் இந்தியிலும் கிடையாது. ஒடியாக்காரர் பெயர்ச்சொல்லின் வாலில் ‘டா’, ‘டி’ என்று ஒட்டி அந்த வேலையை முடித்துக்கொள்வார். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஆர்ட்டிகிள் உண்டு. ஆனால் பிரெஞ்சுக்காரர் தம் மொழிப் பழக்கத்தில், தேவையில்லாத இடத்திலும் தி போட்டு ‘தி குவாலிட்டி இஸ் இம்பார்ட்டன்ட்’ என்பார். ஆக, மீட்டிங்கில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவரும் இதே பள்ளத்தில் கால் இடறுகிறவர்தான்.

பேசும்போது ஆர்ட்டிகிள் தவறிவிடுமோ என்று வாய் மூடி உட்காராதீர்கள். பேச்சில் விரல் நீட்டிக் காட்டலாம், கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். எழுத்தில் அந்த வசதி இல்லை; ஆடிட்டிலும் நேர்காணலிலும் பேச்சையும் எழுத்தைப் போலவே எடைபோடுவார்கள். ஹேண்டோவர் குறிப்பு, கஸ்டமருக்குப் போகும் மெயில், எட்டுப் படிகளில் எழுதும் எய்ட்-டி ரிப்போர்ட், ஆடிட்டில் சொல்லும் பதில், வேலைக்கான நேர்காணல் ஆகிய ஐந்து இடங்களில் கவனமாக இருந்தால் போதும் என்பது என் கருத்து. மற்ற இடங்களில் பிழை தானாகக் குறையும்.

தமிழிலேயே இருக்கிறது ஒரு தி

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லாக இல்லை, அவ்வளவுதான். இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பாருங்கள். ‘போல்ட் எடுத்துட்டு வா.’ ‘போல்ட்டை எடுத்துட்டு வா.’ முதலாவதைக் கேட்ட ஹெல்ப்பர் ஸ்டோருக்குப் போய் ஏதாவது போல்ட் கொண்டுவருவார். இரண்டாவதைக் கேட்டவர், சற்றுமுன் கழற்றி வைத்த அந்தப் போல்ட்டைத் தேடுவார். வித்தியாசம் முழுவதும் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’யில் இருக்கிறது. கேட்பவருக்கு எது என்று தெரிந்த பொருளுக்குத்தான் அந்த ‘ஐ’ இயல்பாக வரும். ஆங்கிலத்தில் முதலாவது ‘பிரிங் எ போல்ட்’, இரண்டாவது ‘பிரிங் தி போல்ட்’.

இதை நீங்கள் சிறு வயதிலிருந்தே யோசிக்காமல் செய்து வருகிறீர்கள். எனவே ஆங்கில வாக்கியம் எழுதுமுன் அதைத் தமிழில், எடு, மாற்று, கழற்று, பார் போன்ற வினையோடு மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ‘ஃபில்டரை மாத்தினோம்’ என்று வாயில் வந்தால் ‘வி சேஞ்ச்ட் தி ஃபில்டர்’. ‘புது ஃபில்டர் ஒண்ணு போட்டோம்’ என்று வந்தால் ‘வி ஃபிட்டட் எ நியூ ஃபில்டர்’.

இந்தச் சோதனைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஆட்களைப் பற்றிப் பேசும்போது உதவாது. ‘ஒரு ஆளைக் கூப்பிடு’ என்று தெரியாத ஆளுக்கும் தமிழில் ‘ஐ’ போட்டாக வேண்டும். பொருள் எழுவாயாக நிற்கும்போதும் உதவாது. ‘மெஷின் நின்னுபோச்சு’ என்பதில் எந்த மெஷின் என்பதற்கு உருபு எதுவும் இல்லை. தமிழர் ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் சொல்லுக்கு முன்னால் தி விடுபடுவது உண்டு. இதுவும் ஒரு காரணம். ‘மெஷின் ஸ்டாப்ட்’ என்று எழுதியிருந்தால் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

‘ஒரு’ என்பதை அப்படியே எ என்று எடுத்துக்கொள்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘நான் ஃபிட்டர்’, ‘அவர் ஆபரேட்டர்’ என்று தமிழில் சொல்லும்போது ‘ஒரு’ வராது. ஆங்கிலத்தில் வந்தே தீர வேண்டும்: ‘ஐ ஆம் எ ஃபிட்டர்’, ‘ஹி இஸ் ஆன் ஆபரேட்டர்’. நேர்காணலில் முதல் வாக்கியமே இதுவாகத்தான் இருக்கும். ‘ஐ ஹேவ் எ டிப்ளமோ இன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்’, ‘ஐ வொர்க்ட் ஆஸ் எ டிரெய்னி ஃபார் டூ இயர்ஸ்’ என்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

தி வரும் சில வழிகள்

ஒருமுறை சொல்லியாகிவிட்ட பொருள் இரண்டாம் முறை வந்தால் தி. அந்த இடத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றால் முதல் முறையே தி: தி கேன்டீன், தி மெயின் கேட், தி பிளான்ட் ஹெட். பின்னால் வரும் சொற்கள் இன்னதென்று அடையாளம் காட்டினால் தி: ‘தி சென்சர் அட் ஸ்டேஷன் 7’ (அங்கே ஒரே சென்சர்தான் என்றால்). ஃபர்ஸ்ட், லாஸ்ட், ஒன்லி, பெஸ்ட் ஆகியவற்றோடும் தி. ‘சேம்’ என்பதைத் தனியே சொல்ல வேண்டும். ‘சேம் பிராப்ளம் சார்’ நம் ஊர் ஷாப் ஃப்ளோரின் தேசிய கீதம். எழுதும்போது அது ‘தி சேம் பிராப்ளம்’.

பெயருக்குப் பின்னால் எண்ணோ எழுத்தோ வந்தால் ஆர்ட்டிகிளே வேண்டாம்: லைன் 3, கேட் 2, ஸ்டேஷன் 7, ஷிஃப்ட் பி. எண் முன்னால் வந்து வரிசையைச் சொன்னால் மட்டும் ‘தி தேர்ட் லைன்’. ‘தி லைன் 3’ என்று எழுதுவது இந்தப் பகுதி மெயில்களில் அடிக்கடி வரும் பிழை. ஆர்ட்டிகிள் போட வேண்டும் என்ற ஆர்வத்தில் வருவது அது.

இப்போது அந்த ஹேண்டோவர் குறிப்பைத் திருத்துவோம். ‘எ சென்சர் அட் ஸ்டேஷன் 7 ஃபெயில்ட் அட் 2.40. வி ரீப்ளேஸ்ட் தி சென்சர். தி சேம் ஃபால்ட் கேம் பேக் அட் 4.10.’ அங்கே பல சென்சர்கள் இருப்பதால் முதலில் எ. அடுத்து தி வந்ததும், கெட்டுப்போன அதே சென்சரைத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. சென்சரை மாற்றியும் அதே கோளாறு திரும்பியிருப்பதால், சந்தேகம் கேபிள் மேலும் கன்ட்ரோலர் மேலும் போகிறது. அடுத்த ஷிஃப்ட் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

எ-யா, ஆன்-ஆ: காதைக் கேளுங்கள்

எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. நம் நாக்குக்கு ஒரு தனிச் சிக்கல் இருப்பதை அவை சொல்வதில்லை. தமிழில் எகரத்தில் தொடங்கும் சொல்லை நாம் ஒரு மெல்லிய யகரத்தோடு சொல்கிறோம். எம்ப்ளாயி என்பது ‘யெம்ப்ளாயி’ ஆகிறது, எஞ்சின் ‘யெஞ்சின்’ ஆகிறது. அப்படிச் சொல்லும் காதுக்கு ‘எ யெம்ப்ளாயி’ சரியாகவே படும். அந்த யகரத்தை விட்டுவிட்டுச் சொன்னால் ஆன் தானாக வந்து உட்காரும்: ஆன் எம்ப்ளாயி, ஆன் எஞ்சின், ஆன் எரர். ‘ஒன்’ என்பதையும் கவனியுங்கள். தமிழ் எழுத்தில் ஒகரமாக எழுதுவதை ஆங்கிலம் ‘வ்’ ஒலியோடு தொடங்குகிறது. எனவே ‘எ ஒன்-டே ஆடிட்’, ஆன் அல்ல. யூனிட், யூனிஃபார்ம், யூ-போல்ட் எல்லாம் யகர ஒலியில் தொடங்குவதால் எ.

சுருக்கப் பெயர்களில் முதல் எழுத்தின் பெயர் எப்படி ஒலிக்கிறது என்று பாருங்கள். எஸ், எம், என், எஃப், எல், ஆர், எக்ஸ் எல்லாம் உயிரொலியில் தொடங்குகின்றன. எனவே ஆன் எஸ்.ஓ.பி., ஆன் என்.ஜி. பார்ட், ஆன் எஃப்.எம்.இ.ஏ., ஆன் ஐ.டி.ஐ. சர்ட்டிஃபிகேட். பி.எல்.சி.க்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் எ. எச்.ஆர். மட்டும் இரண்டு விதம்: ‘எச்’ என்று சொன்னால் ஆன், நம்மில் பலரைப் போல ‘ஹெச்’ என்று சொன்னால் எ. எழுத்தில் ‘ஆன்’ என்பதே வழக்கம்.

எ-க்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘ஒன்றுக்கு’ என்ற பொருள். ‘சிக்ஸ்டி பீசஸ் ஆன் அவர்’ என்றால் மணிக்கு 60. ‘திரீ ஷிஃப்ட்ஸ் எ டே’ என்றால் நாளைக்கு மூன்று ஷிஃப்ட்.

எண்ண முடியாதவை

ஆங்கிலம் சில பொருள்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அவற்றுக்கு முன் எ போட முடியாது, பின்னால் பன்மையும் சேர்க்க முடியாது. ஆயில், கூலன்ட், ஸ்கிராப் என்றால் புரிகிறது. அளந்தோ நிறுத்தோதான் தர முடியும். டிரெய்னிங், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், மெஷினரி, ஃபீட்பேக் ஆகியவையும் அதே கணக்கில் வருவதுதான் தொல்லை. ‘ஐ அட்டெண்டட் எ டிரெய்னிங்’ பிழை. ‘எ டிரெய்னிங் புரோகிராம்’ சரி. ‘எக்விப்மென்ட்ஸ்’ என்று பர்ச்சேஸ் மெயில்களில் ஓடும் சொல் ஆங்கிலத்தில் இல்லை. இதில் தர்க்கம் தேடாதீர்கள், மனப்பாடம்தான்.

ஒரு ‘எ’ ஆடிட்டைக் கெடுக்கும்

ஆடிட்டர் கேட்கிறார்: ‘ஆர் தி ஆபரேட்டர்ஸ் டிரெய்ண்ட் ஃபார் திஸ் பிராசஸ்?’ உங்கள் லைனில் சிலர் டிரெய்னிங் முடித்திருக்கிறார்கள். ‘ஃபியூ ஆபரேட்டர்ஸ் ஆர் டிரெய்ண்ட்’ என்று நல்ல எண்ணத்தோடு பதில் சொல்கிறீர்கள். அவர் காதில் விழுவது ‘அநேகமாக யாருக்கும் டிரெய்னிங் இல்லை’ என்பது. சிலர் என்பதற்கு ஆங்கிலம் ‘எ ஃபியூ’. எ இல்லாத ஃபியூ குறையைச் சொல்லும் சொல். லிட்டில் என்பதும் அப்படியே. ‘தேர் இஸ் லிட்டில் வேரியேஷன்’ என்றால் வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம், நல்ல செய்தி. ‘தேர் இஸ் எ லிட்டில் வேரியேஷன்’ என்றால் கொஞ்சம் இருக்கிறது, அடுத்த கேள்விக்குத் தயாராகுங்கள். என்னைக் கேட்டால் ஆடிட்டில் இந்தச் சொற்களையே தொடாதீர்கள். எண்ணைச் சொல்லுங்கள்: ‘சிக்ஸ் ஆஃப் தி எய்ட் ஆபரேட்டர்ஸ் ஆர் டிரெய்ண்ட்.’

எய்ட்-டி ரிப்போர்ட்டில் இதைவிடப் பெரிய இடம் ஒன்று உண்டு. ‘எ காஸ்’ என்றால் பல காரணங்களில் ஒன்று. ‘தி ரூட் காஸ்’ என்றால் இதுதான், வேறில்லை என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். கஸ்டமருக்குப் பாதுகாப்பு நடவடிக்கையைச் சொல்லும் மூன்றாம் படியிலேயே ‘தி காஸ் இஸ் ஆபரேட்டர் எரர்’ என்று எழுதிவிட்டு, நான்காம் படியில் ஃபிக்ஸ்சர் தேய்ந்திருந்தது தெரியவந்தால் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சோதித்து உறுதியாகும் வரை ‘எ பாசிபிள் காஸ்’ என்றே எழுதுங்கள். உறுதியான பிறகு தி போடுங்கள், அப்போது தயங்கவும் கூடாது.

பன்மைக்கு முன் தி வந்தால் ‘மொத்தமும்’ என்று பொருள் ஏறிவிடும். ‘தி பார்ட்ஸ் இன் திஸ் லாட் ஆர் ரஸ்டட்’ என்று எழுதினால் லாட் முழுக்கத் துரு. சிலவற்றில்தான் துரு என்றால் ‘சம் பார்ட்ஸ்’ என்று எழுதுங்கள். தி-யும் இல்லாமல் சம்-மும் இல்லாமல் ‘பார்ட்ஸ் ஆர் ரஸ்டட்’ என்று விட்டுவிட்டால் சப்ளையர் ஒரு மாதிரி படிப்பார், உங்கள் பர்ச்சேஸ்காரர் இன்னொரு மாதிரி படிப்பார், டெபிட் நோட் நடுவில் தொங்கும். உலக அரசியலிலேயே இது நடந்திருக்கிறது. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானம், அண்மைப் போரில் கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கில வடிவத்தில் ‘நிலப்பகுதிகள்’ என்ற சொல்லுக்கு முன் தி இல்லை. எல்லாப் பகுதிகளையும் விட வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று என்று ஒரு தரப்பு வாதிட்டது. பிரெஞ்சு வடிவம் தி இருப்பது போலவே வாசிக்க இடம் தருகிறது. முழுவதையும் விட வேண்டும் என்று மறுதரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

ஊர், ஆறு, கம்பெனி

ஊர்ப் பெயருக்கும் கம்பெனிப் பெயருக்கும் ஆர்ட்டிகிள் இல்லை. ‘ஐ வொர்க் அட் ஹூண்டாய்.’ பெயருக்குப் பின்னால் பொதுச்சொல் வந்தால் தி: ‘தி ஹூண்டாய் பிளான்ட் அட் இருங்காட்டுக்கோட்டை’. அதே பெயர் ஒரு காரைக் குறித்தால் ‘ஹி பாட் எ ஹூண்டாய்’. சிப்காட் என்று ஒரே சொல்லாகச் சொல்லும்போது ஒன்றும் வேண்டாம். ஆனால் 1971-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் நீண்ட ஆங்கிலப் பெயரை முழுதாக எழுதினால் முன்னால் தி வரும். ‘என்.எச். 48’ என்றால் தி இல்லை, ‘தி பெங்களூரு ஹைவே’ என்றால் உண்டு.

ஏரிப் பெயருக்கு தி இல்லை, ஆற்றுப் பெயருக்கு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தை ஆங்கிலத்தில் விவரிப்பவர் செம்பரம்பாக்கம் லேக் என்று தி இல்லாமலும், தி அடையாறு என்று தி-யோடும் எழுத வேண்டும். தி-யை விட்டால் அடையாறு ஆறாக இருக்காது, பஸ் நிற்கும் அடையாறு ஆகிவிடும்.

பஸ்ஸைச் சொன்னதும் இன்னொன்று. எப்படி வந்தீர்கள் என்பதற்கு ‘பை பஸ்’, ஆர்ட்டிகிள் இல்லை. தவறவிட்டது குறிப்பிட்ட வண்டி என்பதால் ‘ஐ மிஸ்ட் தி கம்பெனி பஸ்’. சாப்பாட்டு வேளைகளுக்கும் ஒன்றும் வேண்டாம்: ஆஃப்டர் லஞ்ச், பிஃபோர் டின்னர்.

போர்டில் எழுதும் ஆங்கிலம்

‘வேர் ஹெல்மெட்’, ‘கீப் டோர் க்ளோஸ்ட்’ என்று எச்சரிக்கைப் பலகைகளில் ஆர்ட்டிகிள் இருக்காது. இடம் குறைவு, தூரத்திலிருந்து படிக்க வேண்டும், அது சரிதான். அந்தப் பாணியை வேலைக் குறிப்பேட்டுக்குக் கொண்டுவருவதுதான் தவறு. ‘செக் வால்வ்’ என்று ஒரு படியில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வைச் சோதிக்கச் சொல்கிறதா, ஒருபக்கம் மட்டும் ஓட விடும் செக் வால்வைச் சொல்கிறதா? ‘செக் தி வால்வ்’ என்றால் குழப்பம் போய்விட்டது. எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் ‘கிளீன் ரூம்’ இதே போன்றது: ‘கிளீன் தி ரூம்’ என்றால் துடைப்பம் எடுக்க வேண்டும், ‘தி கிளீன் ரூம்’ என்றால் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளை எழுதுவதற்காக 1986-இல் ஐரோப்பிய விமானத் தொழில்துறை ஓர் எளிய ஆங்கில விதித்தொகுப்பை வெளியிட்டது. ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்ற பெயரில் அது இன்றும் புழங்குகிறது. சொற்களைக் கடுமையாகக் குறைக்கச் சொல்லும் அந்தத் தொகுப்பு, ஆர்ட்டிகிளை மட்டும் குறைக்காதே என்கிறது. வல்லம் வடகாலில் விமான உதிரிபாகப் பூங்காவே இருப்பதால், அங்கே வேலை தேடுவோர் இந்தப் பெயரை அறிந்து வைத்திருப்பது நல்லது.

பயிற்சிக்குத் தனியாக வாக்கியங்கள் தரப்போவதில்லை. நீங்கள் கடைசியாக எழுதிய மெயிலையோ ஷிஃப்ட் குறிப்பையோ எடுங்கள். பெயர்ச்சொல் ஒவ்வொன்றின் அடியிலும் கோடு போடுங்கள். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, படிப்பவர் ‘எது?’ என்று கேட்பாரா என்று பாருங்கள். கேட்க மாட்டார் என்றால் தி இருக்கிறதா, கேட்பார் என்றால் எ, ஆன் அல்லது எண் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பக்கத்து ஸ்டேஷன் நண்பரிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள்; அவர் கேள்வி கேட்கும் இடத்தில்தான் திருத்தம் வேண்டும். ஒரு வாரம் இப்படிச் செய்தபின் அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.